மேடை நின்ற காலத்தில் பத்துக்குப் பத்து அறையில் பாட்டுப் பதிந்த அனுபவம்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் திருவிழா மேடையை நம்பி வாழும் பாட்டுக்காரர்களுக்குப் பங்குனியும் சித்திரையும்தான் ஆண்டு வருமானம். மாசியில் வரத் தொடங்கும் அழைப்புகள் ஆடிக் கடைசி வரை நீளும். அதற்குப் பிறகு கிடைப்பவை கல்யாண வரவேற்பும் கல்லூரி விழாவும் மட்டுமே. நான் சொந்தமாக எழுதி மெட்டமைக்கும் பாட்டுகளை ஒரு சிறு குழுவோடு பாடி வருபவன். கூட்டம் கேட்கும் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே என்னுடையவை நான்கைந்து நுழைந்துவிடும். அந்த நான்கைந்துக்காகத்தான் மற்றவற்றையெல்லாம் பாடுகிறேன் என்று குழுவினர் கேலி செய்வதுண்டு. 2020 மார்ச் 24 இரவு கொரோனா ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும், முன்பணம் வாங்கியிருந்த கச்சேரிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அந்த ஆண்டு மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. அழகர் வைகையில் இறங்கவில்லை. அந்த நிலையில் ஊர்ப் பொட்டல்களில் மேடை போடுவதைப் பற்றிப் பேசவும் ஆளில்லை.

அப்போது வீட்டிலேயே புதிய பாட்டுகளைப் பதியத் தொடங்கியதில் நான் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன். பெருந்தொற்று முடிந்துவிட்டாலும், உடல்நலக் குறைவாலோ, வீட்டில் முதியவர்களையும் கைக்குழந்தையையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதாலோ வெளியூர் போக முடியாத பாட்டுக்காரர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது கருவிகளைப் பற்றியது அன்று. மேடைக்கென்று எழுதிய பாட்டை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து பதிந்தால் அது நிற்காது. அறைக்கும் அங்கே கிடைக்கும் குரலுக்கும் ஏற்பப் பாட்டே மாற வேண்டும். கீழே நான் சொல்லப்போகும் நுட்பங்கள் பெரும்பாலும் அந்த மாற்றத்துக்கு வழிவிடுவதற்கானவை.

முதல் வாரங்களில் எல்லோரும் கைப்பேசியில் நேரலையாகப் பாடிக்கொண்டிருந்தார்கள், நானும் பாடினேன். ரசிகர்கள் நம்மை மறந்துவிடாமல் இருக்க அது உதவியது என்பதற்கு மேல் அதில் எதுவும் மிஞ்சவில்லை. குழுவினர் அவரவர் வீட்டிலிருந்து காணொளி அழைப்பில் சேர்ந்து வாசிக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அது ஏன் முடியாது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒலி காற்றில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி நொடி ஆகிறது. மேடையில் தவில்காரர் 10 அடி தள்ளி உட்கார்ந்திருந்தால் அவருடைய அடி 9 மில்லி நொடி கழித்துத்தான் நம் காதுக்கு வருகிறது. அதை யாரும் உணர்வதில்லை. ஆனால் காணொளி அழைப்பில் ஏற்படும் தாமதம் 100 மில்லி நொடியை எளிதில் தாண்டிவிடும். அது 100 அடிக்கும் அப்பால் நிற்பவரோடு சேர்ந்து வாசிப்பதற்குச் சமம். ஒருவரையொருவர் எதிர்பார்த்து இருவருமே மெதுவாகிக்கொண்டே போவார்கள். ஆகவே ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிந்து பிறகு சேர்ப்பது ஒன்றே வழி.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அத்தியாவசியப் பொருள்கள் தவிர எதையும் இணையத்தில் வாங்க முடியாத வாரங்கள் அவை என்பதால், கையில் இருந்ததைக் கொண்டே தொடங்க வேண்டியிருந்தது: ஒரு மடிக்கணினி, மேடையில் பின்னணி டிராக் ஓட்டுவதற்காக வைத்திருந்த, இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஓர் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு ஹெட்போன், ஒரு கிட்டார், கச்சேரிப் பையில் இருந்த ஷூர் எஸ்எம்58 மைக். 1966 முதல் விற்பனையில் இருக்கும் அந்த மைக்கைப் பாட்டுக்காரர் எவருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வீட்டுப் பதிவு என்றவுடன், நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கன்டென்சர் மைக் வாங்கச் சொல்லி எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். நல்ல அறை இருந்தால் அது சரியான அறிவுரைதான். சிமென்ட் சுவரும் ஜன்னல் வழியே தெருவும் உள்ள அறையில் கன்டென்சர் மைக் பக்கத்து வீட்டுத் தாளிப்பு ஓசையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை வாய்க்கு அருகில் வைத்துப் பாடினால் அறையும் தெருவும் பின்னுக்குப் போய்விடும். அதற்கு ஈடாக, இன்டர்ஃபேஸில் ஒலியைப் பெருக்கும் கெயினைப் பெருமளவு திருக வேண்டியிருக்கும். கன்டென்சருக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் இந்த மைக்குக்குத் தேவையில்லை. மென்பொருளுக்கும் பணம் தடையாக இருக்க வேண்டாம்: ஆடாசிட்டி முற்றிலும் இலவசம்; ரீப்பரை 60 நாள் முழு வசதிகளோடு பயன்படுத்திப் பார்த்துவிட்டு உரிமம் வாங்கிக்கொள்ளலாம்.

அறையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரின் வாடகை வீடுகளில் பத்துக்குப் பத்து அறையும் பத்தடி உயரக் கூரையும் சாதாரணம். ஒலிப்பதிவுக்கு இதைவிடக் கெட்ட வடிவம் கிடையாது. நம் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. பத்தடி இடைவெளியில் நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே அது போய்த் திரும்பும்போது 57 ஹெர்ட்ஸும் (நொடிக்கு 57 அதிர்வு) அதன் இரட்டிப்பான 115 ஹெர்ட்ஸும் அதற்கு மேலுள்ள மடங்குகளும் தாமாகவே பெருகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் இந்தப் பெருக்கம் மூன்று திசைகளிலும் ஒரே சுரத்தில் வந்து விழும். நான் பாடிய சுருதி 2½ கட்டை, அதாவது கீபோர்டில் டி ஷார்ப். அதன் மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயியின் 'ப') ஏறத்தாழ 117 ஹெர்ட்ஸ். அறை பெருக்கும் சுரத்துக்கும் அதற்கும் இடையே ஓர் அரைச்சுர இடைவெளிகூட இல்லை. இதனால் மெட்டு கீழே இறங்கிப் பஞ்சமத்தைத் தொடும்போதெல்லாம் யாரோ அண்டாவுக்குள் தலையை விட்டுப் பாடுவதைப் போல ஒரு முழக்கம் எழுந்தது. பதிந்த பிறகு, குறிப்பிட்ட சுரப்பகுதியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் அந்த இடத்தைக் குறைத்தால் குரலும் சேர்ந்து மெலிந்துபோனது.

இதற்குத் தீர்வு பாடும் இடத்தை மாற்றுவதில் இருந்தது. அந்த 115 ஹெர்ட்ஸ் மிகவும் பெருகும் இடங்கள் சுவரோரமும் அறையின் நட்டநடுவும். மிகவும் அமுங்கும் இடம் சுவரிலிருந்து கால் பங்கு தூரம். பத்தடி அறையில் கால் பங்கு என்பது இரண்டரை அடி. நீளத்திலும் அகலத்திலும் அந்தக் கணக்குப்படி ஒரு மூலைக்குச் சற்று உள்ளே வந்தாகிவிட்டது. உயரத்துக்கு என்ன செய்வது? நின்று பாடினால் வாய் ஐந்தடி உயரத்தில், அதாவது தரைக்கும் கூரைக்கும் சரியாக நடுவில், மிக மோசமான இடத்தில் இருக்கிறது. கச்சேரிக்காரர்களைப் போலத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் வாய் ஏறத்தாழ இரண்டரை அடிக்கு வந்துவிடும். உட்கார்ந்து பாடியபோது முழக்கம் கேட்கும்படியாகக் குறைந்தது. உங்கள் அறையின் அளவும் சுருதியும் வேறாக இருக்கும். ஆனாலும் முறை இதுதான். கீழ்ச்சுரங்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பாடியபடி அறைக்குள் நடந்து பாருங்கள். ஒவ்வொரு சுரமும் எங்கே வீங்குகிறது, எங்கே அடங்குகிறது என்பது காதுக்கே தெரியும். எந்தக் கருவி வாங்குவதற்கும் முன்னால் இதைச் செய்யலாம், செலவில்லை.

மேல்சுரங்களின் எதிரொலிக்குத் துணி போதும். முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. அவை மிக உயர்ந்த சுரங்களைச் சிறிது உறிஞ்சுவதைத் தவிர வேறெதையும் செய்வதில்லை. மைக் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் கேட்கிறது. பாடுபவருக்குப் பின்னால் இருக்கும் சுவரில் பட்டு வரும் ஒலிதான் அதற்குள் நேராக நுழைகிறது. ஆகவே தடுப்பு பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை நிமிர்த்தி என் பின்னால் சாய்த்துவைத்தேன். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்ததும் பக்கச் சுவர் அமைதியானது. அதிக விலை கொடுத்து வாங்கும் நுரைத் தகடுகளைவிட அந்தப் பழைய மெத்தை நன்றாக வேலை செய்தது என்றே நினைக்கிறேன். கனமும் தடிமனும்தான் இங்கே கணக்கு.

வீட்டில் ஓசை அடங்கும் நேரத்தைக் கண்டுபிடிப்பது தனி வேலை. குக்கர் விசில், மிக்சி, தண்ணீர் மோட்டார், அந்த நாட்களில் தெருத்தெருவாக ஒலிபெருக்கியோடு வந்த காய்கறி வண்டி என்று பகல் முழுவதும் நிறைந்திருக்கும். இரவு பத்துக்கு மேல் பக்கத்து வீட்டார் உறங்க வேண்டும். மிஞ்சியது அதிகாலை மூன்று மணி முதல் முதல் காக்கை கரையும் வரையிலான நேரம். விசிறியை நிறுத்திவிட்டுச் சித்திரை மாதத்து மதுரையில் பூட்டிய அறைக்குள் பாடுவது எளிதன்று. ஒரு பாட்டை முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். ஆனால் அந்தச் சிரமத்தால் ஒரு நன்மை விளைந்தது. முப்பது முறை பாடிப் பிறகு வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணமே வரவில்லை. முந்தைய நாளே முழுவதும் பாடிப் பழகிவிட்டு, விடிவதற்குள் ஒரு சில டேக்கில் முடிக்கும் ஒழுக்கம் தானாக வந்தது. இன்னொன்று: மின்வெட்டு நேரத்தைப் போல அமைதியான நேரம் வேறில்லை. தெருவிலுள்ள தொலைக்காட்சி, மோட்டார், மிக்சி எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிடும். 50 ஹெர்ட்ஸ் மின்னிரைச்சலும் இருக்காது. மடிக்கணினியின் பேட்டரியும் யுஎஸ்பியில் இயங்கும் இன்டர்ஃபேஸும் போதும். மின்சாரம் இருக்கும் நேரத்திலும் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிவது நல்லது.

இனி குரலுக்கு வருகிறேன். மேடையில் நான் 4½ கட்டையில் பாடுபவன். திறந்த பொட்டலில், ஜெனரேட்டர் ஓசைக்கும் ராட்டினக் கடைக்கும் மேலே கேட்க வேண்டுமென்றால் அந்த உயரம் வேண்டும். அதிகாலையில், அடுத்த அறையில் அம்மா உறங்கும்போது, 4½ கட்டையில் மேல் ஸ்தாயியைத் தொடவே முடியாது. அடக்கிப் பாடினால் குரல் இறுகும். விடியற்காலையில் எவருடைய குரலும் இயல்பாகவே சற்று இறங்கித்தான் இருக்கும். ஆகவே சுருதியை 2½ கட்டைக்கு இறக்கினேன். மூன்று அரைச்சுரம்தான் வித்தியாசம். ஆனால் பாட்டின் குணமே மாறிவிட்டது. மேலே போய்க் கூவிய வரி இப்போது பேச்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அங்கே அந்தச் சொற்கள் தாங்கவில்லை.

எடுத்துக்காட்டாக, தூர்ந்துபோன கண்மாயைப் பற்றிய ஒரு பாட்டு. மேடையில் அதன் பல்லவி, 'தண்ணி வந்த தடமிருக்கு, தண்ணியத்தான் காணலையே, எங்க போச்சு சொல்லுங்கடா' என்று முடியும். கூட்டம் 'சொல்லுங்கடா' என்பதைத் திருப்பிக் கத்தும், பறை ஏறும், பாட்டுக்கு உயிர் அங்கேதான் வரும். ஹெட்போனில் தனியாகக் கேட்பவரிடம் 'சொல்லுங்கடா' என்று கேட்டால் அவர் யாரைப் பார்ப்பார்? அந்தச் சொல் காலியாக நின்றது. பல நாள் அதோடு மல்லுக்கட்டிய பிறகு, 'தண்ணி வந்த தடமிருக்கு, தடத்து மேல வீடிருக்கு' என்று மாற்றினேன். கேள்வி போய்ச் செய்தி வந்துவிட்டது. கேட்பவருக்குக் கோபம் வருமா வராதா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பல்லவியை நான்கு முறை திருப்பிப் பாடும் வழக்கம் இரண்டாகக் குறைந்தது. மக்கள் மேடையைத் திரும்பிப் பார்ப்பதற்காக வைத்திருந்த நீண்ட தவில் முகப்பு சில நொடிகளாகச் சுருங்கியது. சரணத்தின் நடு வரிகள், மேடையில் யார் காதிலும் விழாமல் கடந்துபோகிறவை, இங்கே அப்பட்டமாகத் தெரிந்தன. எதுகைக்காகப் போட்டு நிரப்பிய சொற்களை எல்லாம் நீக்க வேண்டியிருந்தது. இந்தத் திருத்தத்துக்குத்தான் பதிவைவிட அதிக நாள் பிடித்தது. அதற்கு நேரம் ஒதுக்காமல் மைக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குபவர்கள் பாதியில் சலித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பாடும்போது கவனிக்க வேண்டியவை சில. மேடையில் உதடு மைக்கைத் தொடும்படி பாடிப் பழகியவர்களுக்குப் பதிவில் குரலின் அடிப்பகுதி தடித்துக் கேட்கும்; வாய் நெருங்க நெருங்கக் கீழ்ச்சுரம் கூடுவது இத்தகைய மைக்கின் இயல்பு. மெல்லிய வரிகளுக்கு நான்கு விரல் இடைவெளி, ஓங்கிப் பாடும் வரிகளுக்கு ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளலாம். வல்லின 'ப' வெடிக்காமல் இருக்க மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்தின் பக்கம் சற்றே ஒதுக்கி வையுங்கள். எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் துணியை இழுத்துக் கட்டினாலும் நல்ல தடுப்பு கிடைக்கும். 24 பிட்டில் பதிந்தால் சத்தத்தைச் சிவப்புக் கோடு வரை ஏற்றத் தேவையே இல்லை. மிக ஓங்கிய இடம் −10 டெசிபெல்லுக்குக் கீழே நின்றாலும் தரம் கெடாது, ஆனால் உச்சத்தில் ஒருமுறை உடைந்த குரலைப் பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது. ஹெட்போனில் நம் குரல் தாமதித்துக் கேட்டால் மென்பொருள் ஒலியைத் தேக்கிவைக்கும் பஃபரின் அளவை 128க்குக் குறையுங்கள். பதிந்தவற்றைக் கலந்து சேர்க்கும் மிக்ஸிங்கின்போது மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

மற்ற வாத்தியங்களை அவரவர் ஊரிலிருந்து வாங்கியது இந்த முயற்சியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மேலூர்ப் பக்கம் இருக்கும் நாகசுரக்கார அண்ணனிடம் பேசுவதற்கு முன்பு, அப்போது அழைப்புகளுக்கு முன்னால் ஒலித்த கொரோனா இருமல் அறிவிப்பை ஒவ்வொரு முறையும் முழுவதும் கேட்டாக வேண்டும். பாட்டின் சுருதியைச் சொன்னதும் அவர், "2½ கட்டையா தம்பி? அப்ப நம்ம பாரியிலயே வாசிச்சிரலாம்" என்றார். மேடையில் என் சுருதிக்காக அவர் குட்டையான திமிரி நாயனத்தைத்தான் கொண்டுவருவார்; நீண்ட பாரி நாயனத்தின் ஆழ்ந்த நாதம் என் பாட்டில் சேர்ந்தது இதுவே முதல் முறை. சுருதியை இறக்காமல் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

அவரிடம் இருந்தது ஒரு சாதாரணக் கைப்பேசி மட்டுமே. நாகசுரத்தின் ஓங்கிய ஒலியை அறைக்குள் எந்தக் கைப்பேசியும் தாங்காது. அதன் மைக் உடனே பிளிறிவிடும். தோப்புக்குள் போய், கைப்பேசியைப் பதினைந்து அடி தள்ளி, அணசுக்கு (நாகசுரத்தின் விரிந்த வாய்) நேரே வைக்காமல் பக்கவாட்டில் வைத்துப் பதியும்படி சொன்னேன். திறந்தவெளியில் சுவரே இல்லாததால் எதிரொலிச் சிக்கலும் இல்லை. ஒரு காதில் மட்டும் இயர்போன் செருகி என் வழிகாட்டிப் பாட்டைக் கேட்டுக்கொண்டு அவர் வாசித்தார். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி நசுங்கிவிடும். பதிவுச் செயலியில் வேவ் கோப்பாகச் சேமித்து, 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பச் சொல்ல வேண்டும். வாயில் வைத்து ஊதும் சீவாளி நனைந்து பதமாகும் வரை சுருதி நிலைக்காது என்பதால், முதல் கால் மணி நேரம் வாசித்துவிட்டுப் பிறகே பதிய வேண்டும் என்பதை அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

தொலைவிலிருந்து வரும் கோப்புகளைச் சேர்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கைப்பேசிகள் பெரும்பாலும் நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் பதிகின்றன. நம் மென்பொருளில் பாட்டு 44,100இல் அமைந்திருக்கக்கூடும். மென்பொருள் அதை உணர்ந்து மாற்றிக்கொண்டால் நல்லது. மாற்றாமல் ஓட்டினால் வாத்தியம் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கி, வேகமும் குறைந்துவிடும். கலைஞர் சுருதி விலகிவிட்டார் என்று நினைத்து அவரை மீண்டும் வாசிக்கச் சொல்வதற்கு முன்னால் இந்த எண்ணைப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே எண்ணை முதலிலேயே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் வழிகாட்டித் தாளத்தோடு சேர்த்து நான்கு கைத்தட்டு போடச் சொன்னால், ஒட்டும் இடத்தைக் கண்ணாலேயே பார்த்து நிறுத்திவிடலாம்.

தாளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மென்பொருள் தரும் 'டிக் டிக்' ஓசைக்குப் பறை வாசிப்பவர்கள் கட்டுப்படுவதில்லை. கட்டுப்பட்டால் வாசிப்பு செத்துவிடும். பறைக்காரத் தம்பி ஒருவரிடம் திஸ்ர நடையில் (மூன்று மூன்றாக எண்ணும் நடை) ஒரே ஓர் அடவைச் சில நிமிடங்கள் தொடர்ந்து வாசித்து அனுப்பச் சொன்னேன். அதில் நன்றாக உட்கார்ந்த ஓர் ஆவர்த்தனத்தை (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதையே எல்லோருக்கும் வழிகாட்டியாக அனுப்பினேன். எல்லா அடிகளும் கடிகாரத்துக்குச் சரியாக விழவில்லை. அந்தச் சிறு சாய்வுதான் பாட்டை நடக்கவைத்தது. இறுதியில் அவர் முழுப் பாட்டுக்கும் புதிதாக வாசித்து அனுப்பிய பிறகு வழிகாட்டியை நீக்கிவிட்டேன்.

குலவைக்கு வெளியே ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அம்மாவும் சித்தியும் இருந்தார்கள். அறைக்குள் மெத்தையும் துணியும் சேர்ந்து அவர்கள் குலவையை உலரவைத்துவிட்டன. அதற்கு வெளியும் விரிவும் வேண்டும். சிமென்ட் மாடிப்படியின் அடியில் அவர்களை நிறுத்தி, மைக்கை மேல்தளத் திருப்பத்தில் வைத்தேன். படிக்கட்டு தந்த அதிர்வை எந்த ரிவர்ப் மென்பொருளிலும் என்னால் கொண்டுவர முடிந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கு என்ன விசேஷம் என்று கேட்டு எட்டிப்பார்த்தார். எல்லா ஒலிக்கும் ஒரே அறையைப் பழக்கப்படுத்தாமல், அடக்கம் வேண்டியதற்கு அறை, விரிவு வேண்டியதற்குப் படிக்கட்டு, ஓங்கிய ஒலிக்குத் தோப்பு என்று பிரித்துக்கொண்டது பிறகு மிக்ஸிங்கில் பாதி வேலையைக் குறைத்தது.

மிக்ஸிங்கைப் பற்றி என்னிடம் பெரிய ஞானம் கிடையாது; உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. நம் கேட்பவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியின் சின்னஞ்சிறு ஸ்பீக்கரில்தான் கேட்கிறார்கள். அதில் பறையின் அடிமுழக்கம் அறவே வராது. பறையின் தடித்த அடிக்குச்சியின் கனத்தை மட்டும் நம்பி மிக்ஸ் செய்தால் அவர்களுக்குத் தாளமே கேட்காது. மெல்லிய சிண்டுக்குச்சியின் விளாசலைச் சற்று முன்னே கொண்டுவந்தால் பறை அங்கேயும் பேசும். இரண்டாவது, சத்தத்துக்காகப் பாட்டை நசுக்க வேண்டாம். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் ஏறத்தாழ −14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவை வைத்து ஒலியைச் சமன் செய்கின்றன. அதைவிட ஓங்கி அனுப்பினால் அவர்களே குறைத்துவிடுவார்கள், நசுங்கியது மட்டும் நம்மிடம் மிஞ்சும். இரவில் முடித்த மிக்ஸை மறுநாள் காலையில் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பணத்தையும் உரிமையையும் பற்றிப் பேச நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். அதனால் நட்டப்படுவது பெரும்பாலும் வாத்தியக் கலைஞர்களே. வீட்டிலிருந்து வாசித்தார்கள் என்பதற்காக அது இலவசம் ஆகாது. அந்த மாதங்களில் அவர்களுக்கும் வேறு வருமானம் இல்லை. பாட்டுக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசி, கோப்பு வந்த அன்றே அனுப்பிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். என்ன பேசினோம் என்பதை வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாவது எழுதிவைத்துக்கொண்டோம். ஒரு பாட்டில் சொல்லுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, பதிந்த ஒலிக்கு இன்னோர் உரிமை என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தனித்தனியாகப் பார்க்கிறது. பாடலாசிரியருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள உரிமை அவர்களின் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். 2012இல் வந்த திருத்தம் ராயல்டியில் அவர்களுடைய பங்கை இன்னும் வலுவாக்கியது. சொந்தமாக எழுதுபவர்கள், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிவுசெய்வது நல்லது. வெளியிடும் ஒவ்வொரு பதிவுக்கும் உரிய ஐஎஸ்ஆர்சி எண்ணையும் (ஒவ்வொரு ஒலிப்பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் எண்) குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மெட்டு நம்முடையதுதானா என்பதில் நேர்மை வேண்டும். என் பாட்டுகளில் ஒன்று நடவுப் பாட்டின் மெட்டில் அமைந்தது. அதைப் பாரம்பரிய மெட்டு என்றே குறிப்பிட்டேன். வயலில் பாடியவர்களின் மெட்டைத் தன் பெயரில் எழுதிக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது. இணையத்தில் கேட்பவர்களிடமிருந்து வந்த தொகை ஒரு கோயில் கச்சேரிச் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வீட்டுப் பதிவை வருமானத்துக்கு மாற்றாக நினைத்து இறங்குபவர்கள் இதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

2021 மே மாதத்தில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோது அறை தயாராக இருந்தது. அந்தச் சுற்றில் எழுதிய பாட்டுகள் முதலிலிருந்தே 2½ கட்டைக்கும் தனியாகக் கேட்பவருக்கும் என எழுதப்பட்டவை. 2022 சித்திரையில் திருவிழா மறுபடியும் மக்களோடு நடந்தது, மேடைகளும் திரும்பின. கண்மாய்ப் பாட்டைக் கேட்டு வாங்கும் ஊர்கள் இருக்கின்றன. அங்கே அதை 4½ கட்டைக்கு ஏற்றி, 'சொல்லுங்கடா' என்ற பழைய முடிப்போடுதான் பாடுகிறேன், புதிய வரியைச் சரணத்துக்குள் கொண்டுபோய்விட்டேன். நாகசுரக்கார அண்ணன் மேடைக்குத் திமிரியையும் பதிவுக்குப் பாரியையும் தனித்தனிப் பையில் வைத்திருக்கிறார். இரண்டாம் ஊரடங்கில் எழுதிய மெல்லிய பாட்டுகள் பொட்டலில் எடுபடவில்லை. சில ஊர்களில் பாடிப் பார்த்துவிட்டு மேடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். கச்சேரி இல்லாத புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் அவற்றின் வரிசையில் இன்னும் சிலவற்றை அதே அறையில், அதே மெத்தைக்கு முன்னால் உட்கார்ந்து பதிந்துவருகிறேன்.